நகரத்தைப் பராமரிக்க எத்தனை கைகள் வேண்டும்?

2022 ஜனவரி 28, விடிந்தும் விடியாத நேரம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபெர்ன் ஹாலோ பள்ளத்தாக்கின் மேல் இருந்த பாலம் மொத்தமாக இடிந்து கீழே விழுந்தது. மேலே போய்க்கொண்டிருந்த ஒரு நகரப் பேருந்தும் சில கார்களும் பாலத்தோடு சேர்ந்து விழுந்தன. பனிக்காலத்து அதிகாலை என்பதால் போக்குவரத்து குறைவு. சிலர் காயத்தோடு பிழைத்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. உள்கட்டமைப்புக்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் பேச அன்றைய அதிபர் பைடன் அதே நாளில்தான் அந்த ஊருக்கு வருவதாக இருந்தது.

பாலம் ஏன் விழுந்தது என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு ஆண்டுகள் விசாரித்தது. பாலத்தைத் தாங்கிய கால்களில் ஒன்றின் எஃகுத் தகடு துருப்பிடித்து மெலிந்து அறுந்துவிட்டது என்று 2024-இல் முடிவு சொன்னது. அந்த எஃகு பெயின்ட் தேவைப்படாத வகை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காயும்போது மேலே மெல்லிய துருப்படலம் ஒன்று படியும். அதுவே கவசமாக நின்று உள்ளே இருக்கும் எஃகைக் காக்கும். ஆனால் காய வேண்டும். பாலத்தின் வடிகால்கள் குப்பையால் அடைத்துக்கொண்டதால் மழைநீர் கால்களின் மேல் வழிந்தது. அங்கே சேர்ந்த மண்ணும் குப்பையும் ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைத்தன. கவசம் உருவாகவில்லை. துரு உள்ளே தின்றுகொண்டே போனது.

இதை யாரும் பார்க்காமல் இல்லை. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் வந்து பார்த்தார்கள், அறிக்கை எழுதினார்கள், வடிகாலைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட இந்தப் பராமரிப்பு வேலைகளை நகர நிர்வாகம் செய்யாமல் விட்டதே விபத்துக்குக் காரணம் என்றுதான் வாரியம் எழுதியது. பார்த்து எழுத ஆள் வந்தார். அள்ள ஆள் வரவில்லை.

மண்வெட்டியோடு சிலர் ஆண்டுக்குச் சில முறை போயிருந்தால் முடிந்திருக்கும் வேலை இது. நகரத்தின் சாலை, பாலம், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாவற்றையும் பழுது வராமல் வைத்திருக்கப் போதுமான ஆட்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்வதற்குக் காரணம் இந்தப் பாலம்தான். கேள்வி எளிது. ஆனால் இதற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் விடை பெரும்பாலும் தவறானது.

மக்கள்தொகையை வைத்து ஏன் கணக்குப் போடக் கூடாது

ஊழியர் போதுமா என்று கேட்டால் முதலில் வரும் பதில் ஒரு விகிதம். ஆயிரம் பேருக்கு இத்தனை ஊழியர், பக்கத்து நகரத்தில் இத்தனை, ஆகவே நம்மிடம் அதிகம் அல்லது குறைவு. ஒப்பிட வசதியாக இருக்கும். ஆனால் பராமரிக்க வேண்டியது மக்களை அல்ல, பொருட்களை. பொருட்களின் எண்ணிக்கை மக்கள்தொகையோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை.

டெட்ராய்ட் நகரைப் பாருங்கள். 1950-இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2020-இல் சுமார் 6.4 லட்சம் பேர். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போய்விட்டார்கள். நகரத்தின் பரப்பு மட்டும் அதே 360 சதுர கிலோமீட்டர். சாலையை யாரும் சுருட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய் ஒரு அடிகூடக் குறையவில்லை. வரி கட்ட ஆள் குறைந்தது, வேலை அப்படியே நின்றது. 2013-இல் நகரம் திவாலானபோது தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. அந்த நிலையில் ஆயிரம் பேருக்கு எத்தனை விளக்குப் பணியாளர் என்று கணக்குப் போட்டால், மக்கள் குறைந்த ஒரே காரணத்தால் விகிதம் நன்றாகத் தெரியும். தெரு இருட்டாகவே இருக்கும்.

வேகமாக வளரும் நகரங்களில் இதே தவறு வேறு விதமாக நடக்கிறது. விளிம்பில் புதிய குடியிருப்புகள் எழுகின்றன. சாலையும் வடிகாலும் பூங்காவும் கட்டி நகர நிர்வாகத்திடம் ஒப்படைக்கிறார்கள். ஒப்படைக்கும் நாளில் எல்லாம் புதிது, பழுது பார்க்க எதுவும் இல்லை. அதனால் கூடவே ஒரு பணியிடமும் உருவாக்கப்படுவதில்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து எல்லாம் ஒரே சமயத்தில் முதுமை அடையும். ஒரே ஆண்டில் நட்ட மரங்கள் ஒரே ஆண்டில் காய்ப்பது போலத்தான் இதுவும்.

சரி, விகிதம் வேண்டாம் என்றால் எப்படிக் கணக்கிடுவது? வேலையை எண்ண வேண்டும். எத்தனை பொருட்கள், ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு எத்தனை முறை கவனிக்க வேண்டும், ஒரு முறைக்கு எவ்வளவு நேரம், அதைச் செய்பவர் ஆண்டில் எத்தனை நாள் உண்மையில் களத்தில் இருக்கிறார். இந்த நான்கும் தெரிந்தால் ஆள் கணக்கு தானாக வந்துவிடும்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: மழைநீர் வடிகாலின் வண்டல் வடிகட்டித் தொட்டி. சாலையோரத்தில் கம்பி மூடி போட்டிருக்குமே, அதற்குக் கீழே இருப்பது. தண்ணீரோடு வரும் மண்ணும் இலையும் பிளாஸ்டிக்கும் குழாய்க்குள் போகாமல் அங்கேயே தங்கிவிடும். தொட்டி நிறைந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் வருவது குழாய்க்குள் போகும் அல்லது தண்ணீர் சாலையில் நிற்கும். அதைத் தூர்வார லாரியை ஓரமாக நிறுத்த வேண்டும், ஒருவர் போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டும், இரண்டு பேர் கடப்பாரையால் மூடியை நெம்பி எடுக்க வேண்டும். மூடி பல நேரம் மேலே போட்ட தாருக்குள் புதைந்திருக்கும். அதை உடைத்து எடுப்பதற்கே கால்மணி நேரம் போய்விடும். அள்ளிய சேற்றை உடனே லாரியில் ஏற்ற வேண்டும். ஓரத்தில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அதே சேறு அதே தொட்டிக்குள் இறங்கிவிடும், இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆக, ஓட்டுநரோடு சேர்த்து நான்கு பேர் கொண்ட குழு, ஒரு நாளைக்குச் சுமார் இருபது தொட்டிகள்.

ஒரு பேச்சுக்கு ஒரு நகரத்தில் 12,000 தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் 24,000 தொட்டிகள். நாளைக்கு இருபது வீதம் 1,200 குழு நாட்கள். வார ஓய்வு, பொது விடுமுறை, விடுப்பு, உடம்புக்கு முடியாத நாள், பயிற்சி எல்லாம் போக ஒருவர் ஆண்டில் 230 நாள் வேலை செய்வார் என்றால், ஐந்து குழுவுக்குச் சற்று மேல் வேண்டும். ஆறு குழு, 24 பேர். இது ஆண்டுச் சராசரி. ஆனால் மழை சராசரி பார்த்துப் பெய்வதில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் 75 வேலை நாட்களுக்குள் எல்லாத் தொட்டிகளையும் ஒரு சுற்று முடித்தாக வேண்டும் என்றால் எட்டுக் குழு, 32 பேர். அதே நகரம், அதே தொட்டி, அதே வேலை. கேட்கும் விதத்தைப் பொறுத்து 24-உம் வரும், 32-உம் வரும். பட்ஜெட்டில் 20 பேர் இருந்தால் யாருக்கும் அது பெரிய குறையாகத் தெரியாது. மழைக்கு நாலாயிரத்து ஐநூறு தொட்டிகள் மண்ணோடு காத்திருக்கும்.

இந்தக் கணக்கில் பெரிய கணிதம் எதுவும் இல்லை, ஒரு மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம். ஆனாலும் பட்ஜெட் ஆவணங்களில் இதைக் காண்பது அரிது. எத்தனை கிலோமீட்டர் சாலை போட்டோம், எத்தனை கோடி செலவு என்று இருக்கும். பணியிடங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பொருளையும் ஆண்டுக்கு எத்தனை முறை தொட வேண்டும், எத்தனை முறை தொட்டோம் என்ற இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. அவை இல்லாமல் ஆள் போதும் என்று சொல்வதும் போதாது என்று சொல்வதும் ஊகம்தான்.

ரோமாபுரியில் 700 பேர்

இந்தக் கேள்வி புதிதல்ல. கி.பி. 97-இல் நெர்வா பேரரசர் ரோம் நகரின் குடிநீர் நிர்வாகத்தை ஃப்ரான்டினஸ் என்பவரிடம் கொடுத்தார். அப்போது நகருக்குள் ஒன்பது கால்வாய்கள் தண்ணீர் கொண்டுவந்தன. பொறுப்பேற்ற கையோடு அவர் எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினார். ஆட்களையும் எண்ணி எழுதி வைத்தார்: அரசுக்குச் சொந்தமானவர்கள் சுமார் 240, பேரரசருக்குச் சொந்தமானவர்கள் 460. மொத்தம் 700 பேர், எல்லோரும் அடிமைகள். மேற்பார்வையாளர், நீர்த்தொட்டிக் காவலர், சுற்றிப் பார்த்து வரும் ஆய்வாளர், கல் பாவுபவர், பூச்சு வேலை செய்பவர் என்று பிரிவும் இருந்தது. அவசரத்துக்கு ஓடிவர நகருக்குள்ளும் வட்டாரம் வட்டாரமாக ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். சுதந்திரம் இல்லாத மனிதர்களை வைத்து நடத்திய அமைப்பு என்பதை மறக்க முடியாது. ஆனால் ஒரு நிர்வாகி எதைக் கவனித்தார் என்பதற்காக அந்தக் குறிப்பு இன்றைக்கும் படிக்கத் தக்கது.

அவர் கண்டுபிடித்தது ஆள் பற்றாக்குறை அல்ல. கணக்கில் 700 பேர் இருந்தார்கள். பொது வேலையில் அத்தனை பேர் இல்லை. வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டியும் மேற்பார்வை தளர்ந்தும் அவர்களைத் தனியார் வேலைகளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ரான்டினஸ் செய்த சீர்திருத்தம் எளிமையானது. மறுநாள் எந்தக் குழு என்ன செய்ய வேண்டும் என்று முந்தின நாளே எழுதிக் கொடுத்தார். அன்றன்று செய்த வேலையைப் பதிவேட்டில் எழுத வைத்தார். பணமும் அதே போலக் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர் உரிமைக்காக மக்கள் கட்டிய தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). அரசுப் பணியாட்களின் செலவை அதுதான் ஈடுகட்ட வேண்டும். முந்தைய பேரரசர் டொமிஷியன் அதைத் தன் கருவூலத்துக்குத் திருப்பியிருந்தார். நெர்வா அதை மக்களிடம் மீட்டுக் கொடுத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. காகிதத்தில் இருக்கும் ஆளுக்கும் களத்தில் இருக்கும் ஆளுக்கும் உள்ள இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஓர் எண். நிரப்பப்பட்ட பணியிடம் இன்னொரு எண். அதில் மாற்றுப்பணியாக அலுவலகத்துக்கும் வேறு துறைக்கும் போனவர்களைக் கழித்தால் மூன்றாவது எண். நீண்ட மருத்துவ விடுப்பு, வண்டி பழுதாகிச் சும்மா நிற்கும் நாள், கையுறையும் கருவியும் வராததால் தொடங்காத வேலை எல்லாம் போனால் நான்காவது எண். நகரம் போதுமான ஆட்களை வைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த நான்காவது எண்தான் விடை. விவாதம் நடப்பது பெரும்பாலும் முதல் எண்ணை வைத்து.

புகார் விழுங்கும் நாட்கள்

பராமரிப்பு இரண்டு வகை. பழுதாகும் முன் முறை வைத்துப் பார்ப்பது ஒன்று. பழுதான பின் ஓடுவது இன்னொன்று. குழு ஒன்றேதான், அதுதான் சிக்கல். காலையில் தொட்டி சுத்தம் செய்யக் கிளம்பும் நான்கு பேருக்கு எட்டரை மணிக்கு ஒரு போன் வரும்: குழாய் உடைந்து சாலையில் தண்ணீர். போய்த்தான் ஆக வேண்டும், அதில் தவறே இல்லை. அன்றைக்கு இருபது தொட்டிகள் விட்டுப்போகும். விட்டுப்போன தொட்டிகளில் சில அடுத்த மழையில் புகாராக வரும். அப்போது அதைச் சரிசெய்ய முன்பு ஆகியிருக்கும் நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். நீர் தேங்கியிருக்கும், மோட்டார் வேண்டும், இரவு வேலையாக இருக்கும். அதனால் முறை வேலை இன்னும் குறையும், புகார் இன்னும் கூடும். ஆள் எண்ணிக்கை மாறாமலேயே ஒரு நகரம் இந்தச் சுழலுக்குள் போய்விடலாம்.

ஊழியர்களைச் சும்மா இருக்க விடக் கூடாது, ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வரிசைகளைப் பற்றிய கணிதத்தின் மிக எளிய மாதிரி என்ன சொல்கிறது தெரியுமா? வேலை முன்னறிவிப்பில்லாமல் ஒழுங்கின்றி வந்துசேரும் இடத்தில் ஒரு குழுவின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரியாக நான்கு வேலைகள் கையில் இருக்கும். 90 சதவீதம் நிரம்பினால் ஒன்பது. 95 சதவீதம் ஆனால் பத்தொன்பது. நூறைத் தொட்டால் வரிசைக்கு முடிவே இல்லை. தீயணைப்பு நிலையத்தில் வண்டி நிற்பதைப் பார்த்து யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. குழாய்ப் பராமரிப்புக் குழுவுக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும் என்று சொன்னால் மட்டும் ஏனோ ஏற்க மனம் வருவதில்லை.

இந்தச் சுழல் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் சாட்சி. அங்கும் மக்கள் வெளியேறினார்கள்: 1980-இல் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல், 2020-இல் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். குழாய்கள் பழையவை. நீர் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கத் தகுதிச் சான்று பெற்ற ஆபரேட்டர்கள் வேண்டும். அவர்கள் போதுமான அளவில் இல்லை என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளிலேயே சுட்டிக்காட்டியது. இருந்தவர்கள் அளவுக்கு மீறி வேலை பார்த்தார்கள். 2022 ஆகஸ்ட் கடைசியில் ஆற்று வெள்ளத்தைத் தொடர்ந்து முக்கிய நிலையம் செயலிழந்தது. சுமார் ஒன்றரை லட்சம் பேருக்குக் குழாயில் பாதுகாப்பான தண்ணீர் இல்லை. கழிவறைக்குக்கூடத் தண்ணீர் போதவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் வெளியிலிருந்து ஒரு நிர்வாகியை நியமித்தது. செய்தி வெள்ளத்தைப் பற்றி வந்தது. ஆனால் நிலையம் தாங்க முடியாமல் போனது பல ஆண்டுகளாக நடந்த கதை.

ஆட்குறைப்பு ஏன் எப்போதும் பராமரிப்பிலிருந்து தொடங்குகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஆசிரியரை எடுத்துவிட்டால் மறுநாளே வகுப்பில் சத்தம். குப்பை அள்ளுபவர் வராவிட்டால் மூன்றாம் நாள் தெரு நாறும். பாலத்து வடிகாலைச் சுத்தம் செய்பவரை எடுத்துவிட்டால் பத்து ஆண்டுகளுக்கு எதுவும் ஆகாது. முடிவெடுத்தவர் அதற்குள் பதவி மாறியிருப்பார். சேமிப்பு அவர் பெயரில், இடிபாடு வேறு ஒருவர் பெயரில்.

குறைவான ஆட்களோடு நன்றாக நடத்தியவர்கள்

இவ்வளவு சொன்னதால் எங்கும் ஆள் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைப்பதாக எண்ண வேண்டாம். கம்போடியாவின் புனோம் பென் குடிநீர் நிர்வாகம் அதற்கு நேர் எதிரான அனுபவம், அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட 1993-இல் அங்கே உற்பத்தியான தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் கணக்கே இல்லை: கசிவு, திருட்டு, பில் போடாதது. அதே சமயம் ஆயிரம் இணைப்புகளுக்கு 22 ஊழியர்கள். எக் சொன் சான் என்ற பொறியாளர் தலைமைக்கு வந்தார். பதினைந்து ஆண்டுகளில் கணக்கில் வராத தண்ணீர் சுமார் 6 சதவீதத்துக்கு இறங்கியது. நாளுக்குப் பத்து மணி நேரம் வந்த தண்ணீர் நாள் முழுக்க வந்தது. ஆயிரம் இணைப்புகளுக்கு ஊழியர் எண்ணிக்கை நான்கைச் சுற்றி நின்றது.

ஆள் குறைத்ததால் நன்றாக ஆயிற்று என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. விகிதம் இறங்கியதற்குப் பெரிய காரணம் இணைப்புகள் பல மடங்கு பெருகியது. அதோடு சம்பளம் உயர்ந்தது, பயிற்சி கொடுத்தார்கள், நன்றாகச் செய்தவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள், மீட்டர் வைத்தார்கள், கசிவைக் கண்டதும் அடைக்க இரவும் பகலும் தயாராகக் குழுக்களை வைத்தார்கள். முன்பு இருந்த 22 பேர் உண்மையில் 22 பேர் அல்ல. வயிறு நிறையாத சம்பளத்தில் வேறு பிழைப்பும் பார்த்துக்கொண்டு பெயருக்கு இருந்தவர்கள் அதில் பலர். பின்னால் வந்த நான்கு பேர் முழு நான்கு பேர்.

பொருளை மாற்றியும் ஆள் தேவையைக் குறைக்கலாம். டெட்ராய்ட் 2016 முடிவதற்குள் சுமார் 65,000 எல்இடி விளக்குகளை மாட்டியது. பழைய விளக்குகளைப் போல அடிக்கடி ஏணி ஏறிப் பல்பு மாற்ற வேண்டியதில்லை. முன்பு இருந்த கம்பங்கள் அத்தனையையும் அவர்கள் திரும்ப ஏற்றவில்லை, எண்ணிக்கையையே குறைத்தார்கள். தன்னால் பராமரிக்க முடிந்த அளவுக்கு நகரம் தன் சொத்தைச் சுருக்கிக்கொள்வதும் ஒரு நேர்மையான வழிதான். சொல்லத் துணியும் தலைவர்கள் குறைவு.

ஆனால் எந்தக் கருவி வந்தாலும் மனிதக் காது தேவைப்படும் இடங்கள் உண்டு. டோக்கியோவின் குடிநீர்க் குழாய்களில் போர் முடிந்த 1945-இல் சுமார் 80 சதவீதம் தண்ணீர் கசிந்து வீணானது. இப்போது 3, 4 சதவீதம். குழாயின் மொத்த நீளம் ஏறத்தாழ 27,000 கிலோமீட்டர் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். பழைய குழாய்களை மாற்றியது முக்கியக் காரணம். இன்னொன்று, நள்ளிரவில் போக்குவரத்து அடங்கிய பின் தெருவில் நடக்கும் ஊழியர்கள். கையில் மெல்லிய இரும்புக் கம்பி. ஒரு முனையை மீட்டர் பெட்டியிலோ வால்விலோ வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டி மூச்சைப் பிடித்துக் கேட்பார்கள். மண்ணுக்கடியில் ஓட்டை இருந்தால் ஒரு மெல்லிய சீறல் கேட்கும். சாக்கடை ஓடும் ஒலி, யாரோ வீட்டில் குழாய் திறந்த ஒலி, எங்கோ ஓடும் இயந்திரத்தின் ஒலி, இவற்றிலிருந்து அந்தச் சீறலைப் பிரித்து அறிய ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும். மூத்தவரோடு கூடவே நடந்துதான் இளையவருக்கு அது வரும். இப்படிப்பட்ட கைத்திறனைக் கடத்தவே டோக்கியோ நீர்வாரியம் 2005-இல் தனிப் பயிற்சி மையம் ஒன்றைத் திறந்தது.

இங்கேதான் பற்றாக்குறையின் கண்ணுக்குத் தெரியாத பக்கம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் ஆள் எடுக்காமல் நிறுத்தினால் ஐந்து ஆண்டுச் சம்பளம் மிச்சம் என்று கணக்கு சொல்லும். மூத்தவர் ஓய்வு பெறும் நாளில் அவருக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். எந்த வால்வு இடதுபுறம் திருப்பினால் மூடும், எந்தத் தெருவில் வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் ஓடுகிறது என்பதெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். பிறகு பத்துப் பேரை ஒரே நாளில் எடுத்தாலும் அந்த இடம் நிரம்பாது.

ஜப்பானுக்கே இந்தக் கவலை இருக்கிறது. 2012 டிசம்பரில் ஸசாகோ சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய மேல் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி ஒலி கேட்டுச் சோதிக்கும் வேலை 2000-க்குப் பிறகு அங்கே நடக்கவேயில்லை. அந்த விபத்துக்குப் பின், 2014 முதல், நாட்டின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களையும் எல்லாச் சுரங்கங்களையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். பாலங்களில் பெரும்பகுதி சிறு உள்ளாட்சிகளின் பொறுப்பில். அந்த உள்ளாட்சிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் தொழில்நுட்பம் படித்த ஊழியர் ஒருவர்கூட இல்லை. சட்டப்படி ஆய்வு நடந்தது. பழுது என்று குறித்த பாலங்களைச் சரிசெய்யும் வேலை பின்தங்கியது. பிட்ஸ்பர்க்கில் பார்த்த அதே இடைவெளி. இப்போது பல உள்ளாட்சிகள் சேர்ந்து பொறியாளர்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையை அந்நாட்டு அரசு முன்வைக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் எண் இன்னும் கடுமையானது. அங்குள்ள சிவில் பொறியாளர் சங்கம் எடுத்த கணக்கின்படி, உள்ளாட்சிகளில் ஒரு லட்சம் மக்களுக்கு 1994-இல் 20 சிவில் பொறியியல் பணியாளர்கள் இருந்தார்கள். 2005-இல் மூன்று பேர்.

இதற்கெல்லாம் ஒப்பந்தம் விட்டால் போகிறது என்பது வழக்கமான பதில். ஒப்பந்தம் சில வேலைகளுக்கு நன்றாகவே பொருந்தும்: சாலைக்குத் தார் போடுவது, விளக்குக் கம்பம் நடுவது, அளந்து பார்த்துப் பணம் கொடுக்கக்கூடிய எதுவும். பராமரிப்பின் பாதி வேலை அளக்க முடியாதது. போகிற வழியில் ஒரு மூடி கோணலாக இருப்பதைக் கவனிப்பது, போன மாதம் இல்லாத விரிசல் இந்த மாதம் இருக்கிறதே என்று நின்று பார்ப்பது. ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. இன்னொன்று, ஒப்பந்தக்காரர் செய்ததைச் சரிபார்க்க நகரத்திடமே அந்த வேலை தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அவரையும் அனுப்பிவிட்டால் பில்லில் கையெழுத்து விழும், தொட்டியில் மண் கிடக்கும். அப்புறம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் தினக்கூலித் தொழிலாளி எந்தத் தெருவையும் தன் தெருவாக அறிய வழியே இல்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் குழிக்குள் இறக்கப்படுவதும் பெரும்பாலும் அவர்தான். எண்ணிக்கைப் பட்டியலில் அவர் ஊழியராகக்கூடத் தெரிவதில்லை.

ஒரு குடிமகன் தன் நகரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் என்ன கேட்கலாம்? எத்தனை பணியிடம் என்று கேட்பதை விட, போன ஆண்டு எத்தனை தொட்டிகள் சுத்தம் செய்யப்பட்டன, எத்தனை செய்யப்பட வேண்டியிருந்தது என்று கேட்கலாம். ஆய்வறிக்கையில் குறித்த பழுதுகளில் எத்தனை மூடப்பட்டன, மிகப் பழையது எத்தனை ஆண்டாக நிற்கிறது என்று கேட்கலாம். குழுக்களின் நாட்களில் எத்தனை நாட்கள் முன்கூட்டித் திட்டமிட்ட வேலைக்குப் போயின, எத்தனை நாட்கள் புகாருக்குப் போயின என்பது எல்லாவற்றையும் விடத் துல்லியமாகச் சொல்லிவிடும். அடுத்த ஐந்து ஆண்டில் ஓய்வு பெறுபவர்கள் எத்தனை பேர், அவர்களோடு இப்போது நடந்து கற்றுக்கொள்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை நான் கடைசியாகச் சேர்ப்பேன். எந்த நகரத்திலும் இந்த விவரங்களைத் திரட்ட முடியும். ஃப்ரான்டினஸ் கணினி இல்லாமலே திரட்டினார்.

பிட்ஸ்பர்க்கில் விழுந்த பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் ஓர் ஆண்டுக்குள் எழுந்தது; 2022 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. பணம் உடனே வந்தது, வேலை இரவு பகலாக நடந்தது. கீழே இருக்கும் பூங்காவின் மரங்கள் பழையபடியே நிற்கின்றன. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அவற்றின் இலைகள் புதிய பாலத்தின் மேலும் விழும், மழைத் தண்ணீரோடு வடிகாலை நோக்கி நகரும்.